கதவிடுக்கில் வெளிச்சம்

கேனன் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட ஏ.இ.-1, நுண்செயலி பொருத்தப்பட்ட முதல் எஸ்.எல்.ஆர். கேமரா. இன்றைக்கும் பழைய கேமரா சந்தைகளில் அதிகம் கைமாறும் பெயர்களில் அது ஒன்று. அதன் நுண்செயலி பலரிடம் இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது. கெட்டுப்போவது வேறொன்று: பின்கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சுக் கீற்று. கேமராவிலேயே மலிவான உறுப்பு அதுவாகத்தான் இருக்கும். அது கரைந்துபோனால், நல்ல லென்ஸும் சரியான அளவீடும் சேர்ந்து எடுத்த படத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் விழுந்துவிடும்.

ஸ்பாஞ்சு எப்படிக் கேமராவுக்குள் வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1954-இல் வந்த லைக்கா எம்3, அதற்கும் முந்தைய ரோலைஃப்ளெக்ஸ் போன்ற ஜெர்மானியக் கேமராக்களில் மூடியின் விளிம்பு ஆழமான பள்ளத்துக்குள் போய் உட்காரும். உள்ளே நுழையப் பார்க்கும் ஒளி இரண்டு மூன்று முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கறுப்பு வண்ணம் அதைக் குடித்துவிடும். அப்படிக் கடைவதற்கு நேரமும் பணமும் அதிகம். 1960-களில் லட்சக்கணக்கில் கேமரா செய்யத் தொடங்கிய ஜப்பானியத் தொழிற்சாலைகள் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, மீதி இடைவெளியை நுரையால் நிரப்பின. யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனனெட், ஒலிம்பஸ் ட்ரிப் 35, நிக்கான் எஃப்.எம். எல்லாம் இந்த வழியில் வந்தவை. அன்றைய கணக்குக்கு அது சரியான முடிவுதான். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அதே கேமராவில் ரோல் மாட்டுவார் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

அந்த நுரை பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. முதலில் நுரை துள்ளலை இழக்கிறது; பிறகு வெயிலில் உருகிய தார் போல் கையில் ஒட்டுகிறது; கடைசியில் கருந்தூளாக உதிர்கிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் வேகமும் கூடும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பீரோவுக்குள் தோல் உறையோடு வைத்த கேமரா இந்த மூன்று கட்டங்களையும் சீக்கிரமே கடந்திருக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்ததால் புதிதாகவே இருக்கும் என்று விற்பவர் சொல்வதற்கும் நுரைக்கும் சம்பந்தமில்லை. பெட்டியைப் பிரிக்காத கேமராவிலும் அது கரைந்துதான் இருக்கும்.

நெகட்டிவ் சொல்லும் சாட்சி

படத்தில் தீற்றல் கண்டவுடன் பலரும் செய்வது, ஸ்பாஞ்சு வாங்கி வந்து பழையதன் மேலேயே ஒட்டுவது. வேலை அங்கே தொடங்கக் கூடாது. ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை நெகட்டிவே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் கேமராவைத் தொடுவது, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் கூரை முழுவதையும் பிரிப்பதுதான்.

லேபிலிருந்து கைப்பேசிக்கு வரும் ஸ்கேன் இதற்குப் போதாது. ஸ்கேன் செய்யும்போது படச் சட்டத்துக்கு வெளியே உள்ள ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். முக்கியமான தடயம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. எனவே நெகட்டிவைக் கேட்டு வாங்க வேண்டும். அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி பட்ட இடம் கறுத்திருக்கும். (பிரிண்டில் வெளுத்தோ சிவந்தோ தெரிவது நெகட்டிவில் கறுப்பு.) அந்தக் கறுப்பு படச் சட்டத்தைத் தாண்டி, பல்சக்கரத் துளைகள் இருக்கும் ஓரம் வரை பரவியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. பரவியிருந்தால் ஒளி பின்கதவு வழியாகவோ ஃபிலிம் கேசட் வழியாகவோ வந்திருக்கிறது. கறுப்பு சட்டத்துக்குள் மட்டும் அடங்கி, விளிம்பில் நேர்கோடாக நின்றுவிட்டால் கதவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷட்டர், கண்ணாடிப் பெட்டி, லென்ஸ் பொருந்தும் வளையம், மடிப்புக் கேமராவானால் துருத்தி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் செவ்வகச் சட்டம், முன்பக்கமிருந்து வரும் எந்த ஒளியையும் அந்த அளவுக்குள் கத்தரித்துவிடும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

இரண்டாவது தடயம் திசை. லென்ஸ் உருவத்தைத் தலைகீழாகவும் இடம்வலம் மாற்றியும் ஃபிலிமில் விழச் செய்கிறது. ஆகவே பிரிண்டில் இடது ஓரத்தில் தெரியும் தீற்றல், பின்னாலிருந்து பார்க்கும்போது கேமராவின் வலது பக்கத்தில் நுழைந்த ஒளி. பெரும்பாலான 35 மி.மீ. கேமராக்களில் கதவுக் கீல் வலப்பக்கம்தான். கசிவுக்கு மிக அதிகமாக ஆளாவதும் அந்தக் கீல்தான். படத்தின் மேல் விளிம்பில் வரும் கறை கீழ்ப் பள்ளத்திலிருந்தும், கீழ் விளிம்பில் வருவது மேல் பள்ளத்திலிருந்தும் வந்தவை. கைப்பேசியில் படத்தை 180 பாகை சுழற்றி, கேமராவின் பின்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தால் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறமும் பேசும். கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றை உணரும் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. லென்ஸுக்கு அருகில் நீலம், ஃபிலிமின் முதுகை ஒட்டிச் சிவப்பு. கதவு வழியாக வரும் ஒளி முதுகுப் பக்கமிருந்து புகுவதால் முதலில் மாட்டுவது சிவப்புப் படலம். பிரிண்டில் ஆரஞ்சும் சிவப்பும் தெரிவது அதனால்தான். முன்பக்கமிருந்து வந்த கசிவு பெரும்பாலும் வெளுத்த மூட்டமாக இருக்கும். இந்தச் சிவப்பையே விரும்பி, ஃபிலிமை வேண்டுமென்றே திருப்பிச் சுற்றி எடுப்பவர்களும் உண்டு. ரெட்ஸ்கேல் என்பது அதுதான்.

எல்லாப் படங்களிலும் கறை ஒரே அளவில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எடுத்து முடித்த ரோலில் கறையே தெரியாமல் இருக்கலாம். கல்யாணத்தில் பாதி, பொங்கலுக்கு மீதி என்று இழுத்த ரோலில் மட்டும், நடுவில் ஓரிரு படங்கள் நன்றாகக் கருகியிருக்கும். கேமரா சும்மா கிடந்த நாட்களில் கதவுக்கு நேராக நின்ற படங்கள் அவை. மெல்லிய கசிவுக்கு நேரம் தேவை. அது கிடைத்த இடத்தில் வேலையைக் காட்டியிருக்கிறது. துளைகளின் வடிவமே வரிசையாகப் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தால், ஃபிலிம் சுற்றும் உருளையின் மேல் ஒளி விழுந்து, மேல் சுற்றின் துளைகள் வழியாகக் கீழ்ச் சுற்றில் இறங்கியிருக்கிறது. அதுவும் கீல் பக்கத்துக் கோளாறே.

கசிவு அல்லாதவையும் கசிவு வேடம் போடும். ரோலின் தொடக்கத்தில் இரண்டு மூன்று படங்கள் மட்டும் கறுத்திருந்தால் வெயிலில் நின்று ரோல் மாட்டியிருப்பார்கள். ரோல் முழுவதும் அலை அலையாகப் பட்டைகள் வந்தால், அண்மையில் அந்த ஃபிலிம் விமான நிலையத்தின் சி.டி. ஸ்கேனருக்குள் போனதா என்று விசாரிக்கலாம். ஒவ்வொரு துளைக்கும் நேர்கீழே படத்துக்குள் இறங்கும் மங்கலான கோடுகள், கழுவும்போது டாங்கியை அளவுக்கு மீறிக் குலுக்கியதால் வருபவை. சூரியனுக்கு எதிராக எடுத்த படத்தில் மட்டும் தெரியும் வெளிறல் லென்ஸின் வேலை. இவற்றுக்கெல்லாம் ஸ்பாஞ்சு மருந்தாகாது.

இருட்டறையில் ஒரு சின்ன விளக்கு

நெகட்டிவ் திசையைச் சொன்னபின் இடத்தைக் குறிப்பாகக் கண்டுபிடிக்க இருட்டறையும் விளக்கும் போதும். உள்ளே போகும் வழியிலேயே ஒளி வெளியேயும் வரும். பட்டன் செல்லில் எரியும் சின்ன எல்.இ.டி. ஒன்றைக் கேமராவுக்குள் வைத்துக் கதவை மூட வேண்டும். லென்ஸ் இடத்தில் மூடி இருக்கட்டும். அறையை முழுக்க இருட்டாக்கி, கண் பழகப் பத்து நிமிடம் காத்திருந்து, கதவின் நான்கு ஓரங்களையும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் தெரியாத கீற்று, பக்கவாட்டில் சாய்த்தால் மின்னும்.

1980-களுக்குப் பிந்தைய பல கேமராக்களில் உள்ளே இருக்கும் ஃபிலிமின் பெயரைப் படிக்கக் கதவில் ஒரு சன்னல் இருக்கும். சோதனையின்போது அங்கே ஒரு காலிக் கேசட்டை வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சன்னல் வழியே வரும் வெளிச்சத்தைக் கண்டு பயந்துபோவோம். கேசட் இருந்தும் அதன் பக்கவாட்டில் ஒளி தெரிந்தால், சன்னலைச் சுற்றி உட்புறத்தில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சுச் சட்டம் போய்விட்டது என்று பொருள். பலர் கதவு ஓரம் முழுவதையும் புதுப்பித்துவிட்டு இந்தச் சன்னலை மறந்துவிடுகிறார்கள்.

விளக்குச் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நண்பகல் வெயில் எல்.இ.டி.யைவிடப் பல மடங்கு வலியது. அப்போது கறுப்பு டேப் உதவும்: கீல் பக்கத்தை மட்டும் வெளியே டேப்பால் மூடிச் சில படங்கள், பிறகு அதை எடுத்துவிட்டு மேல் விளிம்பை மூடிச் சில படங்கள் என்று எடுத்து, வரிசையைத் தாளில் குறித்துக்கொண்டால் குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சுரண்டும் வேலை

பழையதை எடுப்பதுதான் உண்மையான பழுதுபார்ப்பு. புதியதை ஒட்டுவது அதன் கடைசிக் கால்மணி நேரம். இதற்கு வேண்டியவை அற்பமானவை: மூங்கில் குச்சி, பல் குச்சி, காது குடையும் பஞ்சுக் குச்சி, ஒரு பழைய செய்தித்தாள், ஐசோப்ரொபைல் ஆல்கஹால். இந்த ஆல்கஹாலை மொபைல் பழுதுபார்ப்பவர்கள் ஐ.பி.ஏ. என்பார்கள், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் கேட்டால் கிடைக்கும். பசை விடாப்பிடியாக இருந்தால் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவம் அதை இளக்கும். இரண்டுமே எளிதில் தீப்பற்றுபவை. சன்னலைத் திறந்துவைத்து, அடுப்படிக்குத் தள்ளி உட்கார வேண்டும். நெயில் பாலிஷ் நீக்கியைத் தொடவே கூடாது. அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் வண்ணத்தையும் சேர்த்தே கரைத்துவிடும்.

முதலில் ஷட்டருக்குப் பாதுகாப்பு. விசிட்டிங் கார்டு தடிமனுள்ள அட்டையை ஃபிலிம் சட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, அதன் மேல் மூடி, ஓரங்களைப் பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பால் ஃபிலிம் நகரும் தண்டவாளங்களில் ஒட்டலாம். டேப் ஷட்டரில் படக் கூடாது. துணித் திரையானாலும் உலோக இதழ்களானாலும் விரல் பட அனுமதி இல்லை, நிக்கான் எஃப்.எம்.2-இன் டைட்டானியம் இதழ்கள் ஒரு விரல் அழுத்தத்தில் வளைந்துவிடும். வளைந்த இதழை வீட்டில் நிமிர்த்த வழியில்லை.

பிறகு கேமராவைத் திறந்த கதவு கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். தூள் தரையில் விழட்டும். உள்ளே விழுந்தால் ஷட்டர் இடுக்கில் போய்ச் சிக்கும். மூங்கில் குச்சியின் நுனியை உளி போலச் சாய்வாகச் சீவிக்கொண்டு, முதலில் ஈரமே இல்லாமல் வருவதையெல்லாம் வழித்தெடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஆல்கஹால். பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, பள்ளத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் பசை இளகும். மறுபடி குச்சி, மறுபடி பஞ்சு. பஞ்சு கறுத்தவுடன் அதைத் தூர எறிய வேண்டும். அதையே திருப்பித் திருப்பித் தேய்த்தால் கறுப்பு மையை வேறிடத்துக்குப் பூசுகிறோம். புட்டியிலிருந்து நேராக ஊற்றுவது எக்காலத்திலும் வேண்டாம். திரவம் கரைத்த பசையோடு ஷட்டர் பொறிக்குள் வழிந்துபோனால், சின்ன வேலை பெரிய வேலையாகும்.

இரும்புத் திருப்புளி, ஊசி போன்றவை வேகமாகச் சுரண்டும் என்பது உண்மை. பள்ளத்தின் கறுப்பு வண்ணத்தையும் அவை வேகமாகவே உரித்துவிடும். வண்ணம் போன உலோகம் பளபளக்கும். பளபளக்கும் பள்ளம் ஒளியைத் தட்டித் தட்டி உள்ளே அனுப்பும். அப்படி உரிந்திருந்தால் மங்கலான கறுப்பு வண்ணத்தை மெல்லிய தூரிகையால் தொட்டுவைத்துக் காயவிட வேண்டும்.

ஏ.இ.-1 போன்ற கேமராக்களில் ஒரு சௌகரியம்: கீல் பக்கத்திலுள்ள சின்ன ஊசியை இழுத்தால் கதவு தனியே கழன்று வரும். தேதி அச்சிடும் கதவை மாட்டுவதற்காகத் தந்த வசதி அது. இன்று சுத்தம் செய்வதற்கு உதவுகிறது. கீலோரத்து அகலமான ஸ்பாஞ்சைக் கதவு கழற்றாமல் எடுக்க முயன்றால் பொறுமை சோதிக்கப்படும்.

நூலா, ஸ்பாஞ்சா, வெல்வெட்டா

மேல் பள்ளத்துக்கும் கீழ்ப் பள்ளத்துக்கும் பாலியூரித்தேனைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. கறுப்பு உல்லன் நூல் நன்றாகவே வேலை செய்யும். அக்ரிலிக் நூலானாலும் சரி. பேன்சி ஸ்டோரில் கிடைக்கும் ஒரு சிண்டு பத்துக் கேமராவுக்குக் காணும். பள்ளத்தில் முழுக்கப் பசை தடவாமல், அங்கங்கே ஒரு பொட்டு ரப்பர் சொல்யூஷன் வைத்து, நூலை இழுக்காமல் படுக்கவைக்க வேண்டும். இழுத்து ஒட்டினால் நூல் மெலிந்து இடைவெளி விடும். உடனடிப் பசைகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றின் ஆவி கறுப்பு உலோகத்தின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது போல் படிந்துவிடும்.

கீல் பக்கத்துக்கு நூல் போதாது. அங்கே இடைவெளி அகலம். கதவு திறக்கும்போதெல்லாம் உராயும். பின்பக்கம் பசையுள்ள கறுப்பு ஸ்பாஞ்சோ, குட்டை மயிருள்ள கறுப்பு வெல்வெட் நாடாவோ வேண்டும். இரண்டில் வெல்வெட்டே நீடிக்கும். ஸ்டேஷனரி கடைகளில் பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் வழவழப்பான ஃபோம் ஷீட்டைச் சிலர் வெட்டி ஒட்டுகிறார்கள். அது அழுந்திக் கொடுக்காது. கதவை முட்டித் தள்ளும்.

தடிமன்தான் எல்லாரும் சறுக்கும் இடம். கசிவு நிற்க வேண்டுமே என்று கெட்டியாக ஒட்டினால் கதவு மூட மறுக்கும், அல்லது மூடினாலும் நடுவில் வில்லாக வளையும். அந்த வளைவு ஃபிலிமை அழுத்தும் தகட்டையும் நகர்த்தும். படம் ஒரு பக்கம் மங்கும். ஒட்டுவதற்கு முன், பசைக் காகிதத்தை உரிக்காமலேயே கீற்றை இடத்தில் வைத்துக் கதவை மூடிப் பார்க்க வேண்டும். விரலால் லேசாக அழுத்தியதும் கொக்கி விழ வேண்டும். இரண்டு கையால் நெரிக்க வேண்டியிருந்தால் அந்த ஸ்பாஞ்சு அந்தக் கேமராவுக்கு ஆகாது. 1.5 மி.மீ. தடிமனில் தொடங்கி, போதாவிட்டால் 2 மி.மீ.க்குப் போவது பாதுகாப்பான வரிசை.

பசையுள்ள ஸ்பாஞ்சை ஒட்டுவதில் பழுதுபார்ப்பவர்கள் பலர் கையாளும் ஒரு தந்திரம் உண்டு. பசைப் பக்கத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்துக்கொண்டால், அது உடனே பிடித்துக்கொள்ளாமல் சற்று நேரம் வழுக்கும். பல் குச்சியால் தள்ளி நேராக்கிவிடலாம். ஈரம் காய்ந்ததும் பசை தானாகப் பிடிக்கும். வாய் எச்சிலே போதும் என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. வெட்டும்போது இரும்பு அளவுகோலால் ஸ்பாஞ்சை நசுக்கிப் பிடித்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினால்தான் விளிம்பு நேராக வரும்.

பல கேமராக்களில் பள்ளத்தின் ஒரு மூலையில் சின்ன ஊசியோ நெம்புகோலோ துருத்திக்கொண்டிருக்கும். கதவு திறந்தவுடன் படக் கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுபோவது அதுதான். அதன் மேல் ஸ்பாஞ்சு ஒட்டிவிட்டால் எண்ணி ஓடாது. பழைய ஸ்பாஞ்சை எடுக்கும் முன்பே கைப்பேசியில் நான்கு மூலைகளையும் படம் எடுத்துவைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

எஸ்.எல்.ஆர். கேமராவானால் இன்னொரு ஸ்பாஞ்சு மிச்சமிருக்கிறது. லென்ஸைக் கழற்றினால் கண்ணாடிக்கு மேலே, முன் ஓரத்தில் குறுக்காக ஒரு கீற்று தெரியும். கண்ணாடி மேலே எழும்பி மோதும்போது அதிர்வைத் தாங்குவதும், அந்த நொடியில் வியூஃபைண்டர் வழியாக ஒளி இறங்காமல் தடுப்பதும் அதன் வேலை. கரைந்தால் கண்ணாடியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், அல்லது உதிர்ந்து ஃபோகஸ் திரையில் படியும். இங்கே கை மிகவும் மெதுவாகப் போக வேண்டும். கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் துடைத்தால் கீறும். ஃபோகஸ் திரை பிளாஸ்டிக். ஒரு சொட்டுக் கரைப்பான் பட்டாலே அதன் நுண்ணிய பரப்பு போய்விடும். இரண்டையும் மெல்லிய காகிதத்தால் மறைத்து, லென்ஸ் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, முடிந்தவரை ஈரமில்லாமலே எடுப்பது நல்லது. புதியது தடிமன் கூடினால் கண்ணாடி முழுதாக எழும்பாது.

துருத்தியும் சிவப்புச் சன்னலும்

120 ஃபிலிம் 1901-இலேயே வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் பழைய கேமராக்கள் பலவற்றில் ஸ்பாஞ்சே கிடையாது. அவற்றின் நோய்கள் வேறு. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த அக்ஃபா க்ளிக் த்ரீ இந்திய வீடுகளில் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல் மாட்டி 12 படம் எடுத்தவர்களின் ஆல்பங்கள் இன்னும் பரண்களில் கிடக்கின்றன. இவ்வகைக் கேமராவின் முதுகில் படத்தின் எண்ணைப் பார்க்க ஒரு சிவப்புச் சன்னல் இருக்கும். அந்தக் காலத்து ஆர்த்தோக்ரோமேட்டிக் ஃபிலிம்களுக்குச் சிவப்பொளி தெரியாது. ஆகவே சன்னல் தீங்கற்றது. இன்றைய பான்க்ரோமேட்டிக் ஃபிலிம்கள், குறிப்பாக ஐ.எஸ்.ஓ. 400 வேகத்தவை, சிவப்பை நன்றாகவே பார்க்கும். படத்தின் நடுவில் வட்டமான மூட்டமோ, பின்தாளில் அச்சிட்ட எண்ணின் நிழலோ வந்தால் காரணம் இதுதான். ஒரு துண்டு கறுப்பு டேப் போதும். ஃபிலிமை நகர்த்தும்போது மட்டும் நிழலில் திறந்து பார்த்து மறுபடி மூடலாம்.

ரோலின் இரண்டு ஓரங்களும் கறுத்திருந்தால் கேமராவைக் குற்றம் சொல்வதற்கு முன் ரோலைப் பார்க்க வேண்டும். தளர்வாகச் சுற்றப்பட்ட 120 ரோலின் பக்கங்கள் வழியாக, வெளியே எடுத்த கணமே ஒளி புகும். ஃபிலிம் வரும் உருளைக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி இறுக்கம் கூட்டினால் சரியாகும்.

மடிப்புக் கேமராவில் துருத்தியின் மடிப்பு மூலைகள்தான் எமன். போருக்குப் பிந்தைய அக்ஃபா ஐசோலெட் இதற்குப் பேர்போனது. அதன் செயற்கைப் பொருள் துருத்தி மூலைக்கு மூலை ஊசித்துளை விடும். அதே காலத்துத் தோல் துருத்திகள், ஸைஸ் ஐகான் நெட்டாரில் இருப்பவை போல, இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. எல்.இ.டி.யை உள்ளே வைத்துத் துருத்தியை முழுக்க விரித்து இருட்டில் பார்த்தால் துளைகள் நட்சத்திரங்களாகத் தெரியும். துணிக்குப் பூசும் கறுப்பு வண்ணம் காய்ந்த பிறகும் வளைந்துகொடுக்கும். அதைப் பல் குச்சியின் நுனியால் துளையில் வைத்து, விரித்த நிலையிலேயே ஓரிரவு காயவிட்டு, தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு பூச்சு. தடிமனாகப் பூசினால் கேமரா மடங்காது. மூலைகள் எல்லாமே துளையாகிவிட்ட துருத்தியை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவது வீண், மாற்றுவதே வழி.

துணித் திரை ஷட்டருக்கும் இதே வைத்தியம் உண்டு. லைக்கா, ஃபெட், ஸோர்க்கி போன்ற கேமராக்களில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே கண்ணாடி இல்லை. மூடி போடாத லென்ஸ் சூரியனைப் பார்த்துக் கிடந்தால் பூதக்கண்ணாடியின் வேலையைச் செய்து திரையில் ஓட்டை போட்டுவிடும். படச் சட்டத்துக்குள் மட்டும் வரும் மங்கலான ஒளிப்புள்ளி அதன் அடையாளம். ஒரு துளிக்கு மேல் வண்ணம் வைத்தால் திரை கனத்து, ஓடும் வேகம் மாறிவிடும். துளைகள் இரண்டு மூன்றைத் தாண்டினால் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திரையை மாற்றிவிடலாம்.

ஹாங்காங்கில் 1982-இல் வெளிவந்த பிளாஸ்டிக் ஹோல்காவை இந்த அத்தியாயத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதை வாங்குபவர்களில் பாதிப்பேர் கசிவுக்காகவே வாங்குகிறார்கள். மீதிப்பேர் உடம்பு முழுக்கக் கறுப்பு டேப் சுற்றிவிடுகிறார்கள். இரண்டும் நியாயம்.

சோதனை ரோல்

வேலை முடிந்த கேமராவில் நேராக அக்காள் கல்யாணத்தை எடுக்கப் போகக் கூடாது. கிடைப்பதில் மலிவான ரோல் ஒன்றை நிழலில் மாட்டி, முதல் சில படங்களைச் சாதாரணமாக எடுத்துவிட வேண்டும். பிறகு லென்ஸை மூடியால் மூடி, கீல் பக்கம் சூரியனைப் பார்க்கப் பத்து நிமிடம் வைத்து, மூடியோடே ஷட்டரை அழுத்த வேண்டும். இடையில் இரண்டு படங்களைச் சும்மா ஓட்டிவிட்டு, அடுத்து கொக்கிப் பக்கம், பிறகு மேல், பிறகு கீழ். நடுவில் விடும் வெற்றுப் படங்கள் அவசியம். ஒரு பக்கத்துக் கசிவு உருளையில் சுற்றியிருக்கும் பக்கத்துப் படங்களையும் தொட்டுவிடும் என்பதால் அவை இல்லாமல் கணக்குக் குழம்பும். எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாக, லென்ஸ் மூடியைக் கழற்றி, கேமராவை வெளிச்சமான சன்னலைப் பார்க்க (சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்) ஷட்டர் ஏற்றிய நிலையில் சற்று நேரம் வைத்துவிட்டு, மூடியைப் போட்டு அழுத்தினால் திரையின் நிலையும் தெரியும்.

லேபில் ‘கழுவினால் போதும், வெட்ட வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுக்கலாம். மூடியோடு எடுத்த படங்கள் நெகட்டிவில் ஓரம் வரை வெறுமையாக, ஃபிலிமின் இயல்பான நிறத்தில் இருந்தால் வேலை பலித்தது. ஏதேனும் ஒன்று கறுத்திருந்தால் தாளைப் பார்த்து அந்தப் பக்கத்தை மட்டும் மீண்டும் திறக்கலாம்.

இதற்கு மேலும் கறை வருகிறது, ஆனால் எழுதிவைத்த எந்தப் பக்கத்தோடும் பொருந்தவில்லை என்றால், கேசட்டைச் சந்தேகிக்கும் நேரம் அது. கேசட்டின் வாயில் இருக்கும் வெல்வெட் உதட்டில்தான் 35 மி.மீ. ஃபிலிமின் பாதுகாப்பு இருக்கிறது. 30 மீட்டர் சுருளிலிருந்து வெட்டி நிரப்பி விற்கும் ரோல்களில் ஒரே கேசட் பலமுறை பயன்பட்டு அந்த உதடு தேய்ந்திருக்கும். தொழிற்சாலையில் அடைத்த புது ரோல் ஒன்றை மாட்டி, வேறொரு லேபில் கழுவக் கொடுத்துப் பார்த்த பிறகே மூங்கில் குச்சியை மறுபடி கையில் எடுக்கலாம்.